நடையும் நோவும்: மனித நடையாய்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மனிதனை ஏனைய விலங்கினங்களினின்றும் வேறுபடுத்திக் காட்டும் இயல்புகளுள் இரு கால்களில் நிமிர்ந்து நடத்தல் முதன்மையானதாகும். தன்சானியாவின் லயற்றோலி என்னுமிடத்தில் எரிமலைச் சாம்பலிற் பதிந்து இறுகிப்போன அடிச்சுவடுகளை 1978 ஆம் ஆண்டில் மேரி லீக்கியின் ஆய்வுக்குழுவினர் வெளிப்படுத்தினர். ஏறத்தாழ முப்பத்தாறு இலட்சம் ஆண்டுகள் பழைமை வாய்ந்த அச்சுவடுகளிற் குதிக்காலின் பதிவும், ஏனைய விரல்களோடு ஒரே திசையில் அமைந்த பெருவிரலின் பதிவும் தெளிவாகக் காணப்படுகின்றன. மூளை பெருத்துக் கல்லாயுதம் செய்யத் தொடங்குமுன்னரே மனித இனத்தின் மூதாதையர் நடக்கப் பழகிவிட்டனர் என்பதற்கு இவை சான்றாகும்.

இத்துணைப் பழைமை வாய்ந்த செயலாக இருந்தும், நடை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முறையாக அளந்தறியும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. முழங்காலில் நோவு கண்டால் முழங்காலையும், பாதத்தில் நோவு கண்டாற் பாதத்தையும் மாத்திரம் நோக்குதலே நெடுங்கால வழக்கமாக இருந்தது. நோவு தோன்றும் இடம் வேறாகவும், அதற்குக் காரணமான இடம் வேறாகவும் இருத்தல் கூடும் என்பதும், அடியெடுத்து வைக்கும் செயல் முழுவதையும் ஆராய்ந்தாலன்றி உறுப்பொன்றின் நோயை விளங்கிக்கொள்ளல் அரிது என்பதும் படிப்படியாகவே உணரப்பட்டன. இவ்வுணர்வு எவ்வாறு வளர்ந்தது, அதற்குத் துணைநின்றோர் யாவர் என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககாலச் சிந்தனைகள்

விலங்குகளின் இயக்கம் பற்றி விரிவாகச் சிந்தித்து எழுதியவர்களுள் முதல்வராகக் கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டிலைக் குறிப்பிடலாம். மையில் தோய்த்த நாணற் குச்சியொன்றைத் தலையிற் பொருத்திக்கொண்டு ஒருவன் சுவரோரமாக நடப்பானாயின், அக்குச்சி சுவரில் வரையும் கோடு நேர்கோடாக இராது, ஏறியும் இறங்கியும் செல்லும் என அவர் கூறினார். உடல் ஒவ்வோர் அடியிலும் உயர்ந்து தாழ்கின்றது என்னும் இவ்வுண்மை எளியதாகத் தோன்றினும், நடையாய்வு முழுவதற்கும் அதுவே தொடக்கப்புள்ளி எனலாம். ஆயினும் அரிஸ்டோட்டில் அளக்கவில்லை. உற்றுநோக்கி உய்த்துணர்ந்தார் என்பதே பொருந்தும்.

உயிரினங்களின் உடலுக்குப் பொறிமுறை விதிகளைப் பொருத்திக் காட்டிய பெருமை இத்தாலிய அறிஞரான ஜொவான்னி அல்போன்சோ பொரெல்லி (1608 - 1679) என்பாரைச் சாரும். கணிதப் பேராசிரியரான இவர் எழுதிய 'விலங்குகளின் இயக்கம்' என்னும் இலத்தீன் நூல் இவர் மறைந்த பின்னரே, 1680 - 1681 ஆம் ஆண்டுகளில் உரோமாபுரியில் வெளிவந்தது. என்புகளை நெம்புகளாகவும், மூட்டுகளை அந்நெம்புகளின் சுழலிடங்களாகவும், தசைகளை அவற்றை இழுக்கும் விசைகளாகவும் பொரெல்லி கண்டார். தசைகள் மூட்டுக்கு மிக அண்மையிலேயே என்போடு பிணைந்துள்ளமையால், சுமக்கப்படும் பாரத்தினும் பன்மடங்கு மிகுந்த விசையை அவை செலுத்த வேண்டியுள்ளது என அவர் நிறுவினார். சிறிய விசையாற் பெரிய பாரத்தைத் தூக்குவதற்காகவே இயற்கை தசைகளை அமைத்தது என்ற முன்னைய கருத்து இதனால் தகர்ந்தது. தசையின் இழுவிசை முழுவதும் மூட்டினை அழுத்தும் விசையாக மாறுகின்றது என்பதும் இதன்வழிப் பெறப்படும். முழங்கால் தேய்வதேன் என்னும் வினாவுக்கு விடைகாண இவ்வுண்மை பிற்காலத்திற் பெரிதும் துணைசெய்தது.

அளவீட்டின் வளர்ச்சி

1836 ஆம் ஆண்டில் ஜேர்மனியிற் சகோதரர் இருவர் மனித நடை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். ஒருவர் பௌதிக அறிஞரான வில்ஹெல்ம் வெபர். மற்றவர் உடற்கூற்றியலாளரான எடுவர்ட் வெபர். அடியின் நீளம், அடியொன்றுக்குச் செல்லும் நேரம், உடலின் சாய்வு என்பவற்றை இவர்கள் அளந்து கணக்கிட்டனர். தரையினின்றும் தூக்கப்பட்ட கால் தசைகளின் முயற்சியின்றி ஊசல்போல் தானே முன்னோக்கி ஆடுகின்றது என்பது இவர்களது கொள்கையாகும். பிரான்ஸ் நாட்டு மருத்துவரான டியூஷென், தசைகள் செயலிழந்த நோயாளரைப் பரிசீலித்து, ஊசலாட்டம் மாத்திரம் நடைக்குப் போதாது எனக் காட்டினார். இரு கருத்துகளிலும் உண்மையுண்டு என்பதே இக்கால ஆய்வின் முடிபு. வெபர் சகோதரர்களின் கொள்கை முற்றிலும் நிலைபெறவில்லையாயினும், நடை அளக்கத்தக்கது என்பதை நிலைநாட்டிய சிறப்பு அவர்களுக்குரியது.

கண்ணாற் காணவியலாத விரைவில் நிகழும் அசைவுகளைப் பதிவுசெய்தல் அடுத்த படியாக அமைந்தது. பாரிஸ் நகரைச் சேர்ந்த எத்தியேன் ஜூல் மாரே (1830 - 1904) காலணியின் அடிப்பகுதியிற் காற்றடைத்த அறைகளைப் பொருத்தி, பாதம் தரையைத் தொடும் நேரத்தையும் அதனைவிட்டு நீங்கும் நேரத்தையும் குறித்தார். 1882 ஆம் ஆண்டின் பின்னர் ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பல நிலைகளைப் பதியும் புகைப்பட முறையைக் கையாண்டார். அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், மனிதரும் விலங்குகளும் இயங்கும் நிலைகளைக் காட்டும் 781 படத்தகடுகள் கொண்ட பெருந்தொகுதியை 1887 ஆம் ஆண்டில் வெளியிட்டார். திரைப்படக் கலையின் முன்னோடிகளாகப் போற்றப்படும் இவ்விருவரும் நடையாய்வின் முன்னோடிகளுமாவர்.

இவ்வளர்ச்சியின் உச்சமாக லைப்சிக் நகரைச் சேர்ந்த வில்ஹெல்ம் பிறவுண, ஒட்டோ பிஷர் ஆகியோரின் ஆய்வு விளங்குகின்றது. உறையவைக்கப்பட்ட பிணங்களைக்கொண்டு உடலினதும் உறுப்புகளினதும் ஈர்ப்பு மையங்களை இவர்கள் முதலிற் கண்டறிந்தனர். பின்னர், 1891 ஆம் ஆண்டில், ஒளிவிடும் குழாய்களைப் படைவீரன் ஒருவனின் கைகால்களிற் கட்டி, இருளில் நடக்கவிட்டு, நான்கு கமராக்களாற் படம்பிடித்தனர். சிலநொடிகளே நடக்கும் அவனை ஆயத்தப்படுத்தப் பல மணிநேரம் செலவாயிற்று; கிடைத்த படங்களிலிருந்து முப்பரிமாணக் கணிப்புகளைச் செய்து முடிக்க ஆண்டுகள் பல சென்றன. பிறவுண 1892 ஆம் ஆண்டிற் காலமாக, பிஷர் தனித்துநின்று 1895 முதல் 1904 வரை நூலின் பகுதிகளை வெளியிட்டார். துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து செல்லும் காலாட்படை வீரனின் உடற்சமநிலையை அறிதல் இவ்வாய்வாளரின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தமை கவனிக்கற்பாலது.

போரும் நடையாய்வும்

படை நடக்கவேண்டும் என்பதற்காக வளர்க்கப்பட்ட ஆய்வு, படையிற் காலிழந்தோரை நடக்கவைக்கும் ஆய்வாக இருபதாம் நூற்றாண்டில் மாறிற்று. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டின் ஜூல் அமார், பாதம் தரையைத் தாக்கும் விசையை அளக்கும் மேடையொன்றை அமைத்து, உறுப்பிழந்த வீரரின் மறுவாழ்வுக்கு அதனைப் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்காவுக்குத் திரும்பிய வீரருட் காலிழந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்கு வழங்கப்பட்ட செயற்கைக்கால்களின் குறைபாடுகள் பெருங் கண்டனத்துக்குள்ளாயின. நல்ல செயற்கைக்காலைச் செய்வதற்கு முன்னர் இயற்கையான கால் எவ்வாறு இயங்குகின்றது என்பதே தெரியாதிருந்தமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. 1945 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் இதற்கான ஆய்வு தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியோர் என்புச் சத்திரசிகிச்சை நிபுணரான வேர்ன் இன்மன், பொறியியற் பேராசிரியரான ஹவார்ட் எபர்ஹார்ட் என்னும் இருவராவர். எபர்ஹார்ட், போர்க்காலத்தில் விமானத்தளத் தரை பற்றிய பரிசோதனையொன்றின்போது நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். தாம் அணியவேண்டிய காலையே தாம் ஆராய்ந்தார் எனின் மிகையன்று.

இவ்வாய்வில் தாமாக முன்வந்தோரின் இடுப்பென்பு, தொடையென்பு, கணைக்கால் என்பு ஆகியவற்றில் உலோக ஊசிகள் செலுத்தப்பட்டு, நடக்கும்போது அவை திரும்பும் அளவு படம்பிடிக்கப்பட்டது. தோலின்மேற் செய்யும் அளவீடு துல்லியமாகாது என்பதனால் இத்துன்பத்தை அவர்கள் ஏற்றனர். கால் முன்பின்னாக ஆடுவதோடு அமையாது, ஒவ்வோர் அடியிலும் தன்னச்சிற் சுழலவும் செய்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1953 ஆம் ஆண்டில் சோண்டர்ஸ், இன்மன், எபர்ஹார்ட் ஆகிய மூவரும் நடையை நிர்ணயிக்கும் ஆறு காரணிகளை வகுத்துக் கூறினர். உடலின் ஏற்றத்தாழ்வைக் குறைத்து, சக்தி விரயத்தைத் தவிர்ப்பதே அவற்றின் பயன் என்பது அவர்களது கருத்து. அவற்றுட் சில உடலின் ஏற்றத்தாழ்வை எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை எனப் பிற்கால அளவீடுகள் காட்டியபோதிலும், இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதம் என்பன ஒன்றோடொன்று இணைந்தே தொழிற்படுகின்றன என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

பாதமும் முழங்காலும்

இவ்விணைப்பு எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமாகும். குதிக்கால் தரையில் ஊன்றியதும் முழங்கால் சிறிது மடங்கி அதிர்ச்சியைத் தணிக்கின்றது. அதே வேளையிற் பாதம் உட்புறமாகச் சிறிது சரிந்து, கால்வளைவு தாழ்ந்து, தரையின் மேடுபள்ளத்துக்கேற்ப நெகிழ்கின்றது. பின்னர் குதிக்கால் எழும்போது பாதம் மீண்டும் இறுகி, உடலை முன்தள்ளும் நெம்பாகின்றது. கணுக்காலின் கீழுள்ள மூட்டு சாய்ந்த அச்சுடைய பிணைச்சல் போன்றது என இன்மன் விளக்கினார். ஆகவே பாதம் உட்புறம் சரியுங்கால் கணைக்காலும் உள்நோக்கித் திரும்பும். கணைக்கால் திரும்பின் முழங்காலும் அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். தட்டைப்பாதம் உடைய ஒருவரின் முழங்காலையும், வளைந்த முழங்கால் உடைய ஒருவரின் பாதத்தையும் சேர்த்தே பரிசீலிக்கவேண்டும் என்பதன் காரணம் இதுவேயாகும்.

அடுத்து விசை பற்றி நோக்கலாம். பாதம் தரையை அழுத்தும்போது தரையும் அதே அளவு மறுதாக்கத்தை மேல்நோக்கிச் செலுத்துகின்றது. ஒற்றைக்காலில் நிற்கும் கணத்தில் உடலின் ஈர்ப்பு மையம் அக்காலுக்கு உட்புறமாக அமைவதால், பாதத்திலிருந்து எழும் மறுதாக்கத்தின் கோடு முழங்காலின் நடுவே செல்லாது உட்புறமாகச் செல்கின்றது. ஆகையால் மூட்டின் உட்பகுதிக் கசியிழையமே பெரும்பங்கு பாரத்தைத் தாங்குகின்றது. முழங்கால் தேய்வு உட்புறத்தில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது முக்கிய காரணமாகும். கால் வெளிப்புறம் வில்லாக வளைந்தவரிடத்து அக்கோடு மூட்டைவிட்டு மேலும் விலகுவதால் பாரமும் மேலும் கூடும்.

1970 ஆம் ஆண்டில் மொரிசன் என்பார் வெளியிட்ட கணிப்பின்படி, சமதரையில் நடக்கும்போதே முழங்கால் மூட்டு உடல் நிறையின் ஏறத்தாழ மூன்று மடங்கு விசைக்கு உட்படுகின்றது. பேர்லினில், விசையளக்கும் கருவிகள் உட்பொருத்தப்பட்ட செயற்கை முழங்கால் மூட்டுகளைக்கொண்டு நேரடியாகப் பெற்ற அளவீடுகள் 2010 ஆம் ஆண்டில் வெளிவந்தன. சமதரை நடையில் உடல் நிறையின் 2.6 மடங்கும், படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கும் விசை உண்டாவதை அவை காட்டின. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் பொரெல்லி தசைகளின் நெம்பு பற்றிக் கூறியதன் உண்மை இவ்வாறு எண்களால் உறுதிப்பட்டது. முழங்கால் தேய்வுற்ற பருத்த உடலினரிடம் அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்டு 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, உடல் நிறையில் ஒரு கிலோ குறையின் அடியொன்றுக்கு முழங்காலின் பாரம் நான்கு கிலோ அளவு குறைகின்றது எனக் கண்டது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் நடக்கப்படுவதை எண்ணின் இதன் பயன் விளங்கும்.

எனினும் பொறிமுறைக் கணக்கே முழு மருத்துவமாகிவிடாது. உள்ளங்காலின் வெளிப்புறத்தை ஆப்புப்போல் உயர்த்தும் காலணித் தகடுகள் விசைக்கோட்டைச் சிறிது வெளியே நகர்த்தி முழங்காலின் பாரத்தைக் குறைக்கும் என்பது அளந்தறியப்பட்டதே. ஆயினும் அவுஸ்திரேலியாவில் ஓராண்டு காலம் நிகழ்த்தப்பட்டு 2011 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பரிசோதனையில், அவற்றை அணிந்தோரின் நோவு சாதாரண தட்டைத் தகடு அணிந்தோரின் நோவினும் மேலாகக் குறையவில்லை. விசையை அளத்தல் எளிது. அவ்விசைக்கு உயிருள்ள இழையம் எவ்வாறு விடையிறுக்கும் என்பதை அறிதல் அரிது.

நோவறியாப் பாதம்

இவ்வுண்மையை எல்லாரினும் தெளிவாக உணர்த்தியோர் தொழுநோயாளராவர். தொழுநோயாளரின் பாதங்கள் புண்பட்டு அழிவதற்கு நோயே நேரடிக் காரணம் எனப் பலகாலம் கருதப்பட்டது. படுக்கையிற் கிடத்தினாற் புண் ஆறும்; எழுந்து நடந்தால் மீண்டும் தோன்றும். 1930களில் இலங்கையின் புகழ்பூத்த சத்திரசிகிச்சைப் பேராசிரியரான மில்ரோய் போல், இத்தகைய புண்களைப் பாதத்தோடு ஒட்டிய பிளாஸ்ரர் கட்டினுள் வைத்து, நோயாளரை நடமாடவிட்டே ஆற்றும் முறையைக் கையாண்டார். பாரம் ஓரிடத்தில் குவியாது பாதம் முழுவதும் பரவுவதால் நடக்கும்போதே புண் ஆறுகின்றது. அழிவுக்குக் காரணம் கிருமி மாத்திரமன்று, நடையில் எழும் அழுத்தமுமே என்பது இம்முறையாற் குறிப்பாக உணர்த்தப்பட்டது.

இதனை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டியவர் போல் பிராண்ட் (1914 - 2003) ஆவார். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த இவர், 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியேற்று, தொழுநோயாளரின் கைகால்களைச் சீராக்கும் சத்திரசிகிச்சையில் ஈடுபட்டார். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று ஆய்வைத் தொடர்ந்தார். எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை செலுத்தியபோது, முதலில் வீக்கமும் வெப்பமும், ஓய்வின்றித் தொடர்ந்தவிடத்துப் புண்ணும் தோன்றின. ஒருமுறை செலுத்தினால் தீங்கு செய்யாத அழுத்தமே மீண்டும் மீண்டும் தாக்குங்கால் அழிவை விளைவிக்கின்றது. நீண்டதூரம் நடக்கும் நலமுடையோர் சிறு நோவு தோன்றியதும் தம்மையறியாமலே அடிவைக்கும் முறையை மாற்றி, பாரத்தைப் பாதத்தின் வேறிடத்துக்குத் தள்ளிவிடுகின்றனர். உணர்விழந்தவர் முதலடியைப் போன்றே பத்தாயிரமாவது அடியையும் வைக்கின்றனர். இவ்வேறுபாடே பாதத்தைக் காப்பதும் அழிப்பதுமாகும் எனப் பிராண்ட் விளக்கினார். நோவு பகையன்று, காவலன் என்பது அவரது வாழ்நாள் முடிபாகும்.

தொழுநோய் பெரிதும் கட்டுப்பட்டுவிட்ட இக்காலத்தில் இவ்வறிவு வழக்கொழிந்துவிடவில்லை. நீரிழிவு நோயினால் உணர்விழந்த பாதங்களின் புண்களும் இதே வகையினவாதலால், அன்று தொழுநோயாளருக்காகக் கண்டறியப்பட்ட பிளாஸ்ரர் கட்டு முறையே இன்று நீரிழிவுப் புண்ணுக்கும் உலகெங்கும் சிறந்த சிகிச்சையாகக் கொள்ளப்படுகின்றது.

காலணியும் வெறுங்காலும்

பாதத்தின் நோய்களுக்குக் காலணியும் காரணமாதல் கூடும் என்பதை 1858 ஆம் ஆண்டிலேயே சூரிச் நகர உடற்கூற்றியலாளரான ஹேர்மன் வொன் மெயர் எடுத்துரைத்தார். பாதத்தின் வடிவுக்கேற்பக் காலணி அமையவேண்டுமேயன்றிக் காலணியின் வடிவுக்கேற்பப் பாதம் நெரிபடுதல் ஆகாது என்பது அவரது வாதம். பின்வந்த கணக்கெடுப்புகள் இதற்குச் சான்று பகர்ந்தன. ஹொங்கொங்கில் 1958 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிற் காலணி அணிந்தோருள் மூன்றிலொரு பங்கினரிடம் பெருவிரல் வெளிப்புறம் கோணும் குறைபாடு காணப்பட்டது. அணியாதோரிடம் அது நூற்றுக்கு இரண்டளவினதே. தென்னிந்தியாவில் 2,300 சிறுவரைப் பரிசீலித்து 1992 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தட்டைப்பாதம் காலணி அணிந்தோரிடம் 8.6 வீதமாகவும் அணியாதோரிடம் 2.8 வீதமாகவும் இருந்ததைக் காட்டிற்று. உயர்ந்த குதியுடைய காலணிகள் முழங்காலின் பாரத்தை மிகுவிக்கின்றன என 1998 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறியப்பட்டது. வெறுங்காலைக் கொக்கிப்புழுவும் முள்ளும் தாக்கும் என்பதும் மறக்கற்பாலதன்று. ஆகவே காலணியை விலக்குதலன்று, பாதத்துக்கேற்ற காலணியைத் தேர்தலே இவ்வாய்வுகள் உணர்த்தும் பாடமாகும்.

வாழ்முறையை நோக்காத பொறிமுறை பயன்தராது என்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் சிறந்த எடுத்துக்காட்டாகும். பேர்க்கிளி ஆய்வின் விளைவாக 1950களில் உருவான செயற்கைப் பாதம் சப்பாத்தினுள் இருந்து நடப்பதற்கே உகந்தது. குந்தியிருக்கவும், சம்மணமிடவும், சேற்றுவயலில் இறங்கவும் வேண்டிய கமக்காரனுக்கு அது உதவவில்லை. 1968 ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரின் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேதியும், முறைசார்ந்த கல்வி அதிகம் பெறாத கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் இறப்பரைக்கொண்டு எப்பக்கமும் நெகிழும் பாதமொன்றை உருவாக்கினர். யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலும் கண்ணிவெடிகளாலும் காலிழந்தோர் பலர் அத்தகைய கால்களைக்கொண்டே மீண்டும் வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நடை பற்றிய அறிவு நலமுடையோரின் ஆர்வத்தால் மாத்திரம் வளர்ந்ததன்று என்பது தெளிவாகும். என்பில் ஊசியேற்றவர், போரிற் காலிழந்தவர், நோவுணர்வை இழந்தவர் ஆகியோரின் துன்பத்திலிருந்தே அதன் பெரும்பகுதி திரட்டப்பட்டது. படிக்கட்டில் இறங்கத் தயங்கும் முதியவரும், புண்பட்ட பாதத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குச் செல்லும் நீரிழிவு நோயாளரும் அவ்வறிவின் பயனைப் பெற உரிமையுடையோராவர். அவர்களை நோயுற்ற முழங்காலாகவோ புண்பட்ட பாதமாகவோ பிரித்து நோக்காது, எத்தகைய தரையில், எத்தகைய காலணியோடு, எவ்வளவு பாரம் சுமந்து, எவ்வாறு நடக்கின்றனர் என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நோயாளர் சில அடிகள் நடந்து காட்டுவதை மருத்துவர் பொறுமையோடு நோக்கினாலே அது தொடங்கிவிடும்.